பீப் சத்தம் உள்ளே, அடி வெளியே

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஓட்டுநரின் கண் சொருகினால் எச்சரிக்கும் கருவிக்கு ஏஐஎஸ் 184 என்று தரம் வகுத்தவர்களிடம் அதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: அந்த எச்சரிக்கை ஏன் வண்டிக்குள்ளேயே நின்றுவிடுகிறது?

போன மாதம் பொம்மசந்திராவில் நைட் ஷிஃப்ட் முடித்து, ஓசூர் ரோட்டில் அத்திப்பள்ளி பக்கம் பைக்கில் வந்த என் தம்பியை ஒரு கம்பெனி வேன் பின்னாலிருந்து இடித்தது. டிரைவர் அசந்துவிட்டார். கேமரா இருந்தது, பீப்பும் அடித்தது. முதலாளி ஆபீசுக்கும் உடனே தகவல் போயிருக்கிறது. விசாரிக்கப் போனபோது மேனேஜர் வீடியோவைப் போட்டுக் காட்டி, "பாருங்க மேடம், எங்க சிஸ்டம் கரெக்டா வேலை செஞ்சிருக்கு" என்றார். ஏசி அறையில் இருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. நாலு அடி முன்னால் போனவனுக்குத் தெரியவில்லை.

காறை எலும்பு முறிந்து, வலது கையைத் தூக்க முடியாமல் கிடக்கிறான். காண்டிராக்ட் வேலை, ஷிஃப்டுக்குப் போனால்தான் காசு. சட்டைப் பட்டன் போட அம்மாவைக் கூப்பிடுகிறான், கூப்பிடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அந்த டிரைவருக்குச் சம்பளத்தில் பிடித்தார்களாம். அவர் முந்தின ராத்திரியும் தூங்காதவர்.

வண்டியும் வண்டியும் பேசிக்கொள்வது புதிதல்ல. அமெரிக்கா 1999லேயே இதற்கு 5.9 கிகாஹெர்ட்ஸில் அலைவரிசை ஒதுக்கியது. இடம், வேகம், திசை, பிரேக் எல்லாவற்றையும் நொடிக்குப் பத்து முறை பக்கத்து வண்டிக்குச் சொல்ல முடியும். ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கிறாரா என்பதையும் அதோடு சேருங்கள். பெயரும் முகமும் வேண்டாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 நொடி கண் மூடினால் வண்டி 50 மீட்டர் போய்விடும்; முன்னால் போகிறவர் ஓரம் ஒதுங்க அந்த 3 நொடி போதாதா?

பைக்கில் இந்தச் செய்தியை வாங்க ரேடியோ கருவி ஏது என்பீர்கள். அதுவரை, பீப் அடிக்கும்போதே நாலு இண்டிகேட்டரும் மின்னி, ஹாரனும் அடிக்கட்டுமே. அதற்கு அலைவரிசை ஏலம் வேண்டாம், கொஞ்சம் ஒயர் போதும். டிரைவரின் கூலிங் கிளாஸைப் பார்த்துக் கண் மூடிவிட்டதாக நினைத்து கேமரா தப்பாக அடித்தாலும் யாருக்கும் எலும்பு முறியாது.

எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வைக்கக் கூடாது என்று 1961லேயே சட்டம் எழுதினார்கள். நாமோ தூங்க விடாமல் ஓட்ட வைத்து, தூங்குகிறானா என்று கேமரா வைத்துப் பார்க்கிறோம். நல்ல முன்னேற்றம். 2022ல் சாலையில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று உங்கள் அறிக்கையே சொல்கிறது. அட்டவணை போட்டு அழகாகவே அச்சடித்திருக்கிறீர்கள்.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்தது இதுதான்: எச்சரிக்கை வண்டிக்கு வெளியே இருப்பவருக்கும் போக வேண்டும் என்று அந்தத் தரத்தில் சேருங்கள். அதை வைத்து டிரைவர் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்றும் எழுதுங்கள். எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்று தயவுசெய்து தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓசூர் ரோட்டில் தினமும் வேலைக்குப் போகிற ஒருத்தி
பெங்களூரு