மருத்துவர் வந்து சேர்ந்த தேதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போயர் போர் முகாம்களை நிர்வகித்த மருத்துவ அதிகாரி சாமுவேல் ஜான் தாம்ஸனைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த போயர் குடியானவர்களோடு 1899 முதல் 1902 வரை ஆங்கில அரசு நடத்திய போர் அது. ஆங்கிலப் படை பண்ணைகளை எரித்துவிட்டு, போயர் பெண்களையும் குழந்தைகளையும் கொண்டுவந்து அடைத்த முகாம்கள் இவை. தாம்ஸன் வட இந்தியாவில் சுகாதார ஆணையராக இருந்தவர், இந்திய மருத்துவப் பணியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலுக்குப் போய் அங்குள்ள முகாம்களின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் என்பதெல்லாம் சரி. ஆனால் கட்டுரை முழுக்க ஓடும் தொனி, 'அவர் போனார், சாவு நின்றது' என்பது. அங்கேதான் எனக்கு இடறுகிறது.

தேதிகளைப் பாருங்கள். முகாம்களில் சாவு உச்சத்தைத் தொட்டது 1901 அக்டோபரில். அந்த மாதத்து வேகத்தை ஓர் ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஆயிரத்துக்கு 344 பேர். அதாவது அதே கதியில் போயிருந்தால் மூன்றில் ஒருவர் மிஞ்சியிருக்க மாட்டார். 1902 பிப்ரவரியில் அது 69-க்கு இறங்கிவிட்டது. தாம்ஸன் போய்ச் சேர்ந்ததே 1902 தொடக்கத்தில்தான். மே 31-இல் போர் முடிந்தது. தீ அணையத் தொடங்கிய பிறகு குடத்தோடு வந்தவரை, தீயை அணைத்தவர் என்று எழுதலாமா?

அப்படியானால் சாவு ஏன் குறைந்தது? நான் 31 ஆண்டுகள் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்தவன், ஆகவே முதலில் தோன்றுவதைச் சொல்கிறேன். கொன்றது பெரும்பாலும் தட்டம்மையும் அதன் பின்னால் வரும் நிமோனியாவும், டைபாய்டும் சேர்ந்துகொண்டது. தட்டம்மையை எங்கள் பக்கத்தில் மணல்வாரி என்போம். பண்ணைகளில் ஒதுங்கி வளர்ந்த, அந்த அம்மையையே பார்த்திராத பிள்ளைகளைக் கொண்டுவந்து கூடாரங்களில் நெருக்கி அடைத்தால் அது காய்ந்த வைக்கோலில் பிடித்ததுபோல் பரவும். பிறகு பற்றுவதற்குப் புதுப் பிள்ளைகள் இல்லாமல் தானே அடங்கும். இரண்டாவதாக, 1901 டிசம்பரில் அங்கிருந்த ஆங்கிலப் படைத் தளபதி கிச்சனர், இனிமேல் பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துவர வேண்டாம் என்று உத்தரவிட்டார். இரக்கத்தினால் அல்ல, எரிந்த பண்ணைகளில் அவர்கள் போயர் போராளிகளுக்குப் பாரமாக இருக்கட்டும் என்பது கணக்கு. ஆனாலும் முகாமுக்குள் புதிய வரவு நின்றது. மூன்றாவது, லண்டனில் எழுந்த கூச்சல்.

அந்தக் கூச்சலுக்குக் காரணமான எமிலி ஹாப்ஹவுஸ் இங்கிலாந்திலிருந்து முகாம்களைப் பார்க்க வந்த சமூக சேவகி, மருத்துவர் அல்ல. 1901 ஜனவரியில் புளூம்ஃபோன்டைன் முகாமுக்குள் நுழைந்து அவர் பார்த்தவற்றில் எனக்கு மறக்காதது சோப்பு. ரேஷனில் சோப்பு கிடையாது. வயிற்றுப்போக்கு, டைபாய்டு நடமாடும் இடத்தில் சோப்பு இல்லை! ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள், காய்ச்ச விறகு இல்லை. கணவன் இன்னும் சண்டையில் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ரேஷனே குறைவு, இறைச்சியும் கிடையாது என்றொரு விதியும் முதலில் இருந்தது. இவற்றை எழுதியதற்காக, அதே ஆண்டு அக்டோபரில் கேப்டவுனுக்கு மீண்டும் வந்தவரைக் கரையிறங்கவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். ஆங்கில அரசே விசாரிக்க அனுப்பிய, பெண்கள் வாக்குரிமைத் தலைவி மில்லிசென்ட் ஃபாசெட்டின் பெண்கள் குழுவும், அதில் இரண்டு பெண் மருத்துவர்கள் இருந்தார்கள், கடைசியில் காய்கறி, எரிபொருள், தண்ணீர் காய்ச்சும் கொதிகலன், கூடுதல் செவிலியர் என்றே பட்டியல் போட்டுக் கொடுத்தது.

சுனாமிக்குப் பின் 2005 ஜனவரியில் நாகைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்கு முகாம் வேலை. நானூறு பேருக்கு இரண்டு குழாய். தட்டம்மைத் தடுப்பூசியும் வைட்டமின் ஏ சொட்டும் முதல் வாரமே வந்துவிட்டன, அதனால் பிழைத்தோம். ஆனால் தண்ணீர் லாரி வருவதற்கு முன்பே மேலதிகாரி ஒருவர் தினமும் காலை எட்டு மணிக்குள் புள்ளிவிவரத் தாள் கேட்டார். எட்டு வயதுப் பெண் ஒருத்தி என் கையில் இருந்த தாளைப் பார்த்து, "சார், இதில் சோப்பு எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டாள். எழுதவில்லை. அதற்குக் கட்டமே இல்லை.

தாம்ஸன் திறமையற்றவர் என்று நான் சொல்லவில்லை. பம்பாய்ப் பக்கத்துப் பிளேக், பஞ்ச முகாம்களில் பழகிய வில்கின்ஸையும் அவரோடு சேர்த்தே அனுப்பினார்கள். ஆனால் இந்தியாவிலிருந்து ஏன் ஆள் எடுத்தார்கள் என்ற கேள்வியைக் கட்டுரை கேட்கவே இல்லை. மக்களைக் கூட்டமாக அடைத்து, அளந்து சோறு போட்டு, எண்ணிக்கை வைத்துக்கொள்ளும் வித்தையை ஆங்கில அரசு பழகியது நம் ஊர்ப் பஞ்சங்களில். தாது வருஷப் பஞ்சத்தில், 1877-இல், பஞ்ச நிலையைப் பார்க்க இந்திய அரசு அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்றார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், அது உழைக்கிறவன் உடம்பைத் தின்றுவிடும் என்று எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் அளவை உயர்த்தினார்கள். கஞ்சித் தொட்டிக் கதைகளைப் பாட்டிமார் சொல்லிக் கேட்ட தலைமுறை நான். மருத்துவ அதிகாரியின் வாழ்க்கையைத்தான் எழுத வேண்டும் என்றால், மேலிடத்துக்கு எதிராகத் தாளில் கையெழுத்துப் போட்ட கார்னிஷை எழுதியிருக்கலாம்.

இன்னொரு குறை, இதுதான் பெரியது. கட்டுரை சொல்லும் சுமார் 28,000 சாவுகள் வெள்ளை இனத்தவரான போயர்களின் முகாம்களில் நிகழ்ந்தவை. அதில் 22,000-க்கு மேல் பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். கறுப்பின மக்களுக்குத் தனி முகாம்கள் இருந்தன. போர் முடியும்போது அவற்றில் இருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். ஆண்களை ராணுவ வேலைக்கு எடுத்துக்கொண்டு, மீதிப்பேரைப் பயிர் செய்யச் சொல்லி, உணவைப் பெரும்பாலும் விலைக்கு வாங்கவைத்தார்கள். பதிவேட்டில் ஏறிய சாவே 14,000-க்கு மேல். அங்கே ஹாப்ஹவுஸ் போகவில்லை, ஃபாசெட் குழு போகவில்லை, தாம்ஸனின் பொறுப்பிலும் அவை இல்லை. 1913-இல் புளூம்ஃபோன்டைனில் எழுப்பிய நினைவுத் தூணிலும் அவர்களுக்கு அன்று இடமில்லை.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது இந்த 14,000 என்ற எண்ணையும் சேர்த்துவிடுங்கள். 'நிவாரண முகாம்' என்று கட்டுரையில் பதினோரு இடத்தில் வந்திருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். அதை வெறும் 'முகாம்' என்றாவது மாற்றுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
நாகப்பட்டினம்