செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: ஏல விலையும் ஆர்.சி. புத்தகமும்

நம் பழைய கார் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஞாயிறு ஊர்வலம், மெக்கானிக் முகாம், பொங்கல் சந்திப்பு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்கு இந்த ஆண்டு வந்த போன்களில் பாதி ஒரே கேள்விக்காக: "சார், நம்ம வண்டி ஏலத்துல என்ன விலைக்குப் போகும்?"

2025 பிப்ரவரியில்தான் இது சூடு பிடித்தது. 1950களின் மெர்சிடிஸ் டபிள்யூ196ஆர் பந்தயக் கார் ஒன்று ஸ்டுட்கார்ட்டில் 5 கோடியே 11 லட்சம் யூரோவுக்குப் போன செய்தி நம் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் சுற்றியது. 2022இல் அதே ஊரில் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூபே 13.5 கோடி யூரோவுக்குப் போனது; இன்னும் அதை எந்தக் காரும் தாண்டவில்லை. அது உலகத்திலேயே இரண்டுதான். அந்தக் கணக்கை வைத்து மயூர் விஹாரில் நிற்கும் பழைய பிரீமியர் பத்மினிக்கு விலை போட முடியாது என்றேன். சிலருக்குக் கசந்தது.

இணைய ஏலத்தில் ஒரு கார் எடுத்த நம் உறுப்பினருக்கு வேறு பாடம். சுத்தியல் விழுந்த தொகைதான் விலை என்று நினைத்துவிட்டார். ஏலக்காரர் கமிஷன், அதற்கு ஜி.எஸ்.டி., லாரி வாடகை என்று பில் நீண்டது. வெளிநாட்டுப் பெரிய ஏலங்கள் சிலவற்றிலும் இரண்டரை லட்சம் டாலர் வரை 12 சதவீதம், அதற்கு மேல் 10 சதவீதம் வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. பத்திரிகையில் வரும் விலை பெரும்பாலும் இதையும் சேர்த்தது. ஒப்பிடும்போது இதை மறக்க வேண்டாம்.

சந்தை போகும் திசைதான் நமக்கு முக்கியம். கலிபோர்னியாவின் மான்டரேயில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் ஏலங்கள் 2022இல் மொத்தம் சுமார் 47 கோடி டாலருக்குப் போயின. அடுத்த இரண்டு ஆண்டும் 40 கோடியை ஒட்டி இறங்கின. 2025 ஆகஸ்டில் அங்கே முதலிடம் பிடித்தது பழைய காரே அல்ல. அறக்கொடைக்காக ஃபெராரி கொடுத்த புத்தம்புது டேடோனா எஸ்பி3, 2.6 கோடி டாலர்! போருக்கு முந்தைய பெரிய கார்களைத் தேடியவர்களுக்கு வயதாகிவிட்டது. இப்போது பணத்தோடு வருபவர்கள் பத்து வயதில் சுவரில் ஒட்டிவைத்த படத்தை ஐம்பது வயதில் வாங்குகிறார்கள். அதனால்தான் எண்பதுகளின் ஃபெராரி எஃப்40 மாதிரியான கார்களுக்கு இந்த ஏற்றம்.

நம் பிள்ளைகளுக்கு அந்தச் சுவர்ப்படம் கான்டெஸா, ஜிப்ஸி, மாருதி 800. அங்கேதான் தில்லிக்காரர்களுக்கு இடி. 2021 ஜூலை விதிப்படி, அசல் வடிவில் இருக்கும் 50 வயதைத் தாண்டிய வண்டிக்கு, பழமை வண்டிகளுக்கான 'விஏ' வரிசைப் பதிவு எண் கிடைக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம், தினசரி ஓட்டக் கூடாது. ஆனால் பெட்ரோல் வண்டி 15 வயதைத் தாண்டினால் இந்த ஊரில் ஓடக் கூடாது. நடுவில் முப்பத்தைந்து ஆண்டு அதை எங்கே வைப்பது? முதல் மாருதி 800இன் சாவி 1983 டிசம்பரில் தில்லிக்காரர் ஒருவருக்குத்தான் கைமாறியது. அதற்கே 2033 வரை பொறுக்க வேண்டும்.

2025 ஜூலை 1இல் பெட்ரோல் பங்க்குகளில் கேமரா வைத்துப் பழைய வண்டிகளுக்கு எரிபொருள் மறுத்தார்கள். சில நாளில் நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்ட் 12இல் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர் மீது கட்டாய நடவடிக்கை அப்போதைக்குக் கூடாது என்றது. அதற்குள் பயந்துபோய் நம்மில் இருவர் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, கான்டெஸாக்களை வெளிமாநிலத்துக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஒன்று அசல் என்ஜினோடு இருந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறைந்த நம் மூத்த உறுப்பினருக்கு ஏற்கெனவே அஞ்சலி செலுத்திவிட்டோம். வண்டலூரில் தயாரான அவருடைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்கு விலை சொல்லச் சொல்லி அவர் துணைவியார் கேட்டிருந்தார். சேஸிஸ், என்ஜின் எண் இரண்டும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகின்றன. கணவர் ஒவ்வொரு பழுதுக்கும் ரசீது ஒட்டிவைத்த நோட்டு, காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைச் சீட்டு உட்பட, அப்படியே இருக்கிறது. ஏலத்தில் இந்த நோட்டுக்கும் விலை உண்டு. புதுப் பெயின்ட் அடித்து மினுக்கினால் கூடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வந்து பார்த்த இளைஞர்கள் இருவரும் "அழகா இருக்கு அங்கிள், கான்டெஸா ஏதாவது வருமா?" என்றார்கள்.

இப்போதைக்கு விற்கவில்லை என்று அந்த அம்மா முடிவு செய்துவிட்டார். 'விஏ' எண்ணுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. எண் வரும்வரை வண்டி வீட்டு கேட்டுக்குள்ளேயே நிற்கும். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஓடவிட ஆள் வேண்டும். அக்டோபர் என்னுடையது, நவம்பர் முதல் யார் என்பதைக் கூட்டம் முடியும் முன் என்னிடம் பெயர் கொடுங்கள். ஸ்டார்ட் செய்ய இழுத்த சோக்கை அப்படியே விட்டுவிடாதவராக இருந்தால் நல்லது.

செயலாளர்
தில்லி, செப்டம்பர் 2025