படத்தோடு அதன் விவரமும் வர வேண்டும்

அன்பார்ந்த பெற்றோருக்கு வணக்கம்.

போன பருவத்தில் ஒருநாள், கண் பார்வை குறைந்த நம் மாணவி ஒருத்தி கணக்குப் பயிற்சித்தாளைத் திரை வாசிப்பானில் (திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருள்) கேட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேள்விகளைச் சரளமாகப் படித்துவந்த குரல், முக்கோணம் வரைந்திருந்த இடத்தில் "ஐஎம்ஜி 2047" என்று படக் கோப்பின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. "இதுல என்ன சார் இருக்கு?" என்று கேட்டாள். கணக்கு தெரிந்த பிள்ளை. படத்தில் என்ன இருக்கிறது என்று நாங்கள்தான் எழுதி வைக்கவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அப்புறம் ஆசிரியர்கள் எழுத ஆரம்பித்தார்கள், ஆனால் ஆளுக்கொரு விதமாக. ஒருவர் வெறுமனே "முக்கோணம்" என்று விட்டார். இன்னொருவர் "3, 4, 5 செ.மீ. பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணம்" என்று எழுதினார், கேள்வியே 'இது எவ்வகை முக்கோணம்?' என்பதுதான்! பக்க அளவுகளோடு நிறுத்தியிருந்தால் மற்ற பிள்ளைகளைப் போல அவளும் யோசித்துக் கண்டுபிடித்திருப்பாள். வேறொருவர் விவரங்களைத் தனிக் கோப்பில் வைத்திருந்தார், படத்தை மட்டும் நகலெடுத்தவருக்கு அது கிடைக்கவே இல்லை.

அதனால் இந்தப் பருவம் முதல் எல்லாருக்கும் ஒரே முறை. ஒவ்வொரு படத்துக்கும் 250 எழுத்துக்குறிகளுக்குள் ஒரு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் சிறு குறிப்பு. வரைபடம், நிலப்படம் போன்றவற்றுக்குக் கூடுதலாக ஒரு விரிவான விவரிப்பு. இரண்டையும் படக் கோப்பின் மெட்டாடேட்டாவிலேயே (கோப்புக்குள்ளேயே சேர்ந்திருக்கும் தகவல் பகுதி) பதிவோம். படங்களின் மெட்டாடேட்டாவுக்கான சர்வதேசத் தரமான ஐபிடிசியில் இதற்கென்றே இரண்டு தனிப் புலங்கள் (நிரப்பும் இடங்கள்) 2021-இல் சேர்க்கப்பட்டன, நாமாகப் புதிதாக எதையும் உருவாக்கத் தேவையில்லை. படத்தை ஆவணத்தில் சேர்க்கும்போது அந்த உரை தானாக வந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது என்பதால், வேர்டில் உள்ள மாற்று உரைப் பெட்டியிலும் அதையே இடுவோம். அழகுக்காக வைக்கும் பூ, கோடு போன்றவற்றை 'அலங்காரம்' என்று குறித்துவிட்டால் வாசிப்பான் தாண்டிப் போய்விடும்.

உங்களிடம் ஓர் உதவி. பள்ளி மலருக்குப் படம் அனுப்பும்போது, யார் என்ன செய்கிறார்கள், எங்கே என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். "விழாப் படம்" என்றால் போதாது. "மேடையில் நான்கு சிறுமிகள் கைகோத்து ஆடுகிறார்கள்" என்றால் கேட்பவருக்கும் காட்சி கிடைக்கும். பிள்ளைகளின் பெயர் மட்டும் வேண்டாம், கோப்பு போகும் இடமெல்லாம் அதற்குள் எழுதியதும் கூடவே போகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் விவரம் பெரும்பாலும் கழன்றுவிடும், ஆகவே மின்னஞ்சலில் இணைத்து அனுப்புங்கள்.

நம் சுற்றறிக்கைகளைத் திரை வாசிப்பானில் கேட்கும் பெற்றோர் யாராவது இருந்தால், எந்தப் படத்தில் குரல் தடுமாறியது என்று எனக்கு நேரடியாகவே எழுதுங்கள். அதைத் திருத்தி மறுபடி அனுப்புகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்