செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: படுக்கையருகே நாம் பேசியது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவமனை வார்டுகளுக்கும் வலி நிவாரணச் சிகிச்சையில் உள்ளவர்களின் வீடுகளுக்கும் நாம் செல்வது இந்த ஆண்டும் தடையின்றி நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நோயாளிகளிடம் நாம் பேசியதை எழுதி வந்து கூடி வாசிக்கும், இரண்டாம் சனிக்கிழமைகளில் நடந்த பயிற்சி வட்டத்தைப் பற்றியே நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். சங்கம் தொடங்கியது முதல் இதைவிட அவசியமான வேலை எதையும் நாம் செய்ததில்லை என்று நம்புகிறேன்.

நம்மில் கோயிலிலிருந்து வந்தவர்கள் உண்டு, தேவாலயத்திலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. நோயாளியின் அருகில் போய் உட்கார எல்லோருக்கும் தெரியும். அங்கே என்ன பேசினோம், ஏன் அப்படிப் பேசினோம் என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம்தான் இல்லாதிருந்தது. இதற்கு வழி காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்கப் போதகரான ஆன்டன் பாய்சன். 1920இல் மனநோயால் தாமே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் அவர். 1925இல் உஸ்டர் அரசு மருத்துவமனையில் நான்கு இறையியல் மாணவர்களுடன் பயிற்சியைத் தொடங்கினார். நோயாளிகள் ‘உயிருள்ள மனித ஆவணங்கள்’, நூல்களைப் போலவே அவர்களையும் கவனமாக வாசிக்க வேண்டும் என்றார். பின்னர் மருத்துவமனைப் போதகரான ரஸ்ஸல் டிக்ஸ், உரையாடலைச் சொல்லுக்குச் சொல் எழுதிப் பார்க்கும் முறையை வளர்த்தார். நாம் பின்பற்றுவது அந்த முறையைத்தான். நோயாளியின் எதிரே நோட்டை எடுப்பதில்லை. அன்று மாலையே நினைவிலிருந்து எழுதுகிறோம். அவர் சொன்னது, நாம் சொன்னது, இடையில் விழுந்த மௌனம், அப்போது நம் மனத்தில் ஓடியது எல்லாமே அதில் இருக்கும். பெயர், ஊர், படுக்கை எண் இருக்காது. வட்டத்தில் வாசித்து முடித்ததும் தாளைக் கிழித்துவிடுகிறோம்.

ஜூன் மாதம் வாசிக்கப்பட்ட ஒன்றை, எழுதியவரின் அனுமதியோடு இங்கே சொல்கிறேன். ஓர் அம்மா. மேசைமேல் கஞ்சி ஆறி ஆடை படிந்திருக்கிறது. “எந்த ஜென்மத்துப் பாவமோ” என்கிறார். நம் உறுப்பினர் உடனே, “அப்படியெல்லாம் சொல்லக் கூடாதம்மா, கடவுள் கைவிட மாட்டார்” என்றிருக்கிறார். “சரி ஐயா” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இந்த இடத்தில் வாசித்தவரின் குரல் நின்றது. அந்த வரியை மறுபடியும் வாசித்தார். “ஆறுதல் சொல்வதாக நினைத்து அவர் வாயை அடைத்திருக்கிறேன்” என்றார். தம் தாயார் கடைசி நாட்களில் இப்படிப் புலம்பியபோதெல்லாம் தாம் எழுந்து வெளியே போய்விட்டதையும் சொன்னார். யாரும் எதுவும் பேசவில்லை. மறுவாரம் அதே அம்மாவிடம் போய், “அன்று பாவம் என்று ஏதோ சொன்னீர்கள், நான் கேட்காமல் விட்டுவிட்டேன்” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்திருக்கிறார். அந்த அம்மா அரை மணி நேரம் பேசினாராம்.

தொடக்க மாதங்களில் வட்டம் சரியாக நடக்கவில்லை. வாசித்தவரைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது போலக் கேள்விகள் எழுந்தன. இருவர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். நடத்தியவன் நான், பொறுப்பும் என்னுடையதே. அதன்பின் வாசித்தவரே முதலில் பேசுவார், மற்றவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது என்று முடிவு செய்தோம். அந்த இருவரில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார். மற்றவரை நேரில் சென்று அழைக்க இருக்கிறேன்.

வரும் ஆண்டில் வட்டத்தை நடத்த இன்னும் இருவரைப் பயிற்றுவிக்கவும், விருப்பமுள்ள செவிலியர்களைச் சேர்த்துக்கொள்ளவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்