கணையத் தழும்புக்கு மருந்து தேடுவோருக்கு ஒரு திறந்த மடல்

கணைய நோய் ஆய்வாளர்களுக்கும், மருந்து ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் அமைப்புகளுக்கும், மருந்து நிறுவனங்களுக்கும் வணக்கம்.

நாள்பட்ட கணைய அழற்சியோடு வாழ்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எங்களுக்கு இன்று கிடைப்பவை பெரும்பாலும் நோய் விட்டுச்செல்லும் சேதத்துக்கான சிகிச்சைகள். சாப்பிட்டது செரிக்க என்சைம், சர்க்கரைக்கு இன்சுலின், வலிக்கு மாத்திரை, குழாயில் கல் அடைத்தால் எண்டோஸ்கோப்பி அல்லது அறுவை சிகிச்சை. இவை இல்லாமல் எங்களால் நடமாடவே முடியாது. ஆனால் கணையம் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாகி இறுகுவதை நிறுத்தும் என்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து ஒன்றுகூடக் கிடையாது. உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தைத் தாக்கும், ஸ்டீராய்டுக்கு அடங்கும் ஆட்டோஇம்யூன் வகை மட்டும்தான் விதிவிலக்கு.

தழும்பை உண்டாக்குவது எது என்று தெரியாமலா இந்த நிலை? தெரியும். கணையத்தின் ஸ்டெல்லேட் செல்களைப் பிரித்தெடுத்து ஆய்வகத்தில் வளர்த்த ஆய்வுகள் 1998இலேயே வெளிவந்துவிட்டன. சாதாரணமாக வைட்டமின் ஏ-வைச் சேமித்துக்கொண்டு அமைதியாக இருக்கும் செல்கள் இவை. மதுவோ, திரும்பத் திரும்ப வரும் அழற்சியோ தூண்டிவிட்டால் உருமாறி, தழும்பின் மூலப்பொருளான கொலாஜன் புரதத்தை உற்பத்தி செய்து குவிக்கின்றன. அந்தத் தூண்டலைத் தணிக்கக்கூடிய மருந்துகள் சில ஏற்கெனவே வேறு நோய்களுக்குப் புழக்கத்தில் உள்ளன. ரத்த அழுத்தத்துக்கான கேண்டிசார்ட்டன், லிசினோபிரில் இரண்டும் எலிகளில் கணையத் தழும்பைக் குறைத்திருக்கின்றன. சிறுநீரக நோயாளிகளுக்குத் தரப்படும் பாரிகால்சிட்டால், வைட்டமின் டி போலச் செயல்பட்டு இந்தச் செல்களை அமைதிப்படுத்தக்கூடியது. நுரையீரல் தழும்புக்கு அமெரிக்காவில் 2014இல் அனுமதி பெற்ற பிர்ஃபெனிடோனும் விலங்கு ஆய்வுகளில் நம்பிக்கை தந்திருக்கிறது.

ஆனால் அந்த விலங்கு ஆய்வுகளைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பெரும்பாலானவற்றில் எலிக்கு செருலீன் என்ற பொருளைத் திரும்பத் திரும்பச் செலுத்தி அழற்சியை வரவழைக்கிறீர்கள். ஊசியை நிறுத்திவிட்டால் அந்த எலியின் கணையம் பெருமளவு தானாகவே தேறிவிடும். எங்கள் கணையம் அப்படித் தேறுவதில்லை. நாங்கள் மருத்துவரிடம் வந்து சேரும்போது பலருக்குக் கற்களும் சுண்ணாம்புப் படிவும் வந்திருக்கும். அதனால் காயப்படுத்தும்போதே மருந்தையும் கொடுத்துக் கிடைக்கும் வெற்றி, தடுப்பைப் பற்றித்தான் சொல்லும். தழும்பு உறைந்த பிறகு கொடுத்துப் பாருங்கள். அதிலும் தேறும் மருந்தை முதலில் மனிதர்களிடம் கொண்டு வாருங்கள்.

அப்புறம், எதை வைத்து வெற்றியை அளக்கிறீர்கள் என்பது. ஜப்பானில் இந்த நோய்க்குப் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கும் கேமோஸ்டாட் என்ற மருந்தை அமெரிக்காவில் சோதித்தபோது முக்கிய அளவுகோலாக வைத்தது, நான்கு வாரத்தில் வலி எவ்வளவு குறைகிறது என்பதை. ஒப்பீட்டுக்காகத் தரப்பட்ட மருந்தில்லாத போலி மாத்திரையைவிட அது மேலாக இருக்கவில்லை. வலி எங்களுக்குப் பெரிய விஷயம்தான், அதைக் கேட்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வலியும் தழும்பும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை. ஸ்கேனில் மோசமாகத் தெரியும் கணையம் வலிக்காமலும் இருக்கலாம், லேசான மாற்றம் உள்ளவர் துடிக்கவும் செய்யலாம். நரம்புகளே கூடுதல் உணர்திறன் அடைந்துவிடுவது இதற்கு ஒரு காரணம். 2011இல் வெளியான 64 பேர் ஆய்வில், நரம்பு வலிக்குத் தரப்படும் ப்ரீகாபலின் மூன்றே வாரத்தில் வலியைக் குறைத்தது. அது தழும்புக்கான மருந்தே அல்ல. அப்படியானால் தழும்பை மெதுவாகத் தடுக்கும் ஒரு நல்ல மருந்து, சில வார வலிக் கணக்கில் தோற்று ஓரங்கட்டப்படலாமே. கணையத்தில் ஊசி போட்டுத் திசு எடுப்பது ஆபத்து என்பது தெரியும். எம்ஆர்ஐ அளவீடுகள், திசுவின் இறுக்கத்தை அளக்கும் எலாஸ்டோகிராஃபி, மலத்தில் கணைய என்சைமான எலாஸ்டேஸின் அளவு, ரத்தச் சர்க்கரை ஆகியவற்றை வைத்து ஓரிரு ஆண்டுகள் தொடர்ந்து பாருங்கள்.

இந்த நோய்க்குக் கொடுத்துப் பார்க்கப்பட்ட ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளின் கதையும் இதே பாடத்தைத்தான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது. டெல்லியில் 127 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில் வலி குறைந்தது. மான்செஸ்டரில் 70 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில் பலன் தெரியவில்லை. முதலாவதில் இளையவர்கள், காரணம் தெரியாமல் நோய் வந்தவர்கள் அதிகம். இரண்டாவதில் வயதில் மூத்தவர்கள், மதுவால் பாதிக்கப்பட்டவர்கள் அதிகம். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே நோயாளியாக எண்ணி மருந்தைச் சோதித்தால் விடை குழம்பத்தான் செய்யும்.

ஆகவே நோயாளிகளைக் காரணத்தை வைத்துப் பிரித்து, முன்கூட்டியே ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள். பரம்பரைக் கணைய அழற்சிக்கான பிஆர்எஸ்எஸ்1 மரபணு மாற்றம் 1996இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் குடும்பங்களில் யாருக்கு ஆபத்து என்பது கணையம் கெடும் முன்பே தெரியும். திடீர்க் கணைய அழற்சி திரும்பத் திரும்ப வருபவர்களும் அப்படித்தான். புகையையும் மதுவையும் நிறுத்தச் சொல்லி அனுப்புவது சரி, தேவையும்கூட. ஆனால் இரண்டையும் தொடாதவர்களுக்குச் சொல்ல உங்களிடம் என்ன இருக்கிறது?

காப்புரிமை முடிந்த ரத்த அழுத்த மருந்துக்கு எந்த நிறுவனமும் பணம் போடாது. அதனால் இந்த ஆய்வுகளுக்குப் பொது நிதியைத்தான் கேட்கிறேன். திட்டம் வகுக்கும்போது நோயாளிகளையும் உட்கார வையுங்கள். பிர்ஃபெனிடோன் குமட்டலையும் பசியின்மையையும் தரக்கூடியது. ஏற்கெனவே எடை இழந்து நிற்கும் எங்களுக்கு அது எவ்வளவு தாங்கும், எந்த அளவில் தொடங்கலாம் என்பதை மருந்தளவு முடிவாகும் முன்பே எங்களிடம் கேளுங்கள்.