பயிற்சிப் பொம்மை மீது பத்து நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நல்லாயிருந்த ஒருவர் திடீரெனச் சரிந்து விழுந்தால், சுற்றியிருப்பவர்கள் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள், தூக்கி உட்கார வைக்கிறார்கள். விழுந்ததற்குக் காரணம் இதயம் நின்றது என்றால் இரண்டுமே வீண். நெஞ்சை அழுத்தவும் மின்னதிர்ச்சி கொடுக்கவும் ஆளில்லாத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நாலைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கிவிடும். ஆம்புலன்ஸ் அதற்குள் வருவது அரிது. ஆகவே முதல் சிகிச்சை பக்கத்தில் நிற்பவர் கையில்தான் இருக்கிறது.

மாரடைப்பு வேறு, இதயம் நிற்பது வேறு. மாரடைப்பு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்ப்பார், பேசுவார். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமே தவிர நெஞ்சில் அழுத்தக் கூடாது. இதயம் நின்றவருக்கு நினைவே இருக்காது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் சிலர் வாயைத் திறந்து, குறட்டை போன்ற ஓசையுடன், விட்டுவிட்டு மூச்சை இழுப்பார்கள். 'மூச்சு இருக்கிறதே' என்று எல்லோரும் விலகிக்கொள்வார்கள். அது மூச்சே அல்ல. சிலருக்குக் கைகால் வெட்டுவதும் உண்டு. வலிப்பு என்று நினைத்து அடங்கட்டும் எனக் காத்திருப்பார்கள். நாடி தேடி நேரத்தைத் தொலைக்க வேண்டாம். தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, சீரான மூச்சும் இல்லை என்று தெரிய 10 விநாடி போதும். ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும், ஒருவர் மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவியைத் தேடி ஓடட்டும், நீங்கள் அழுத்தத் தொடங்குங்கள்.

மெத்தையில் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகம், அதன்மேல் மற்றொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. தோள் நேர் மேலே இருந்தால் உடம்பின் எடையே வேலை செய்யும். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம், 6-க்கு மேல் வேண்டாம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. அதாவது 30 அழுத்தம் 15 முதல் 18 விநாடிக்குள் முடிய வேண்டும். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசாக மேலே வர விடுங்கள். களைத்தவர் கையை எடுக்காமல் சாய்ந்துவிடுகிறார், இதயத்துக்குள் ரத்தம் திரும்புவதில்லை. ஒரு நிமிடத்திலேயே ஆழம் குறையத் தொடங்கும், அழுத்துபவருக்கே அது தெரியாது. அதனால்தான் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றச் சொல்கிறோம். விலா எலும்பு மளுக்கென்று முறியலாம். பயந்து நிறுத்தாதீர்கள், எலும்பு கூடிவிடும். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு ஊதலாம். திடீரென விழுந்த பெரியவருக்கு அழுத்தம் மட்டுமே கூடப் போதும். நீரில் மூழ்கியவருக்கும் குழந்தைக்கும் மூச்சு அவசியம்.

ஏ.இ.டி. பற்றிய பயம் தேவையில்லாதது. மூடியைத் திறந்து பட்டனை அமுக்கினால் அதுவே பேசி வழிகாட்டும். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மட்டுமே அது ஷாக் கொடுக்கும்; தேவையில்லாதவருக்கு நீங்களே கொடுக்க நினைத்தாலும் கொடுக்காது. அதிலிருந்து நெஞ்சில் ஒட்டும் பட்டைகள்தான் பேட். ஒரு பேட் வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். ஈரத்தைத் துடையுங்கள். மருந்துப் பட்டை ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். அடர்ந்த முடியில் பேட் ஒட்டாது, கருவி 'பேடைச் சரிபார்க்கவும்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பெட்டியில் சவரக்கத்தி இருந்தால் அது இதற்குத்தான். தோலுக்கடியில் பேஸ்மேக்கர் புடைப்பு தெரிந்தால் அதன்மேல் ஒட்டாமல் தள்ளி ஒட்டுங்கள். பேட் ஒட்டும்போதும் அழுத்துவதை நிறுத்த வேண்டாம். கருவி 'தொடாதீர்கள்' என்னும்போது மட்டும் கையை எடுங்கள். ஷாக் முடிந்ததும், இதயம் துடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் உடனே மறுபடி அழுத்துங்கள். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

இதையெல்லாம் வாசித்தால் புரியும், ஆனால் கைக்கு வராது. 5 செ.மீ. எவ்வளவு பலம் கேட்கும் என்பது பொம்மையை அழுத்திப் பார்த்தவருக்குத்தான் தெரியும். சில மாதங்களில் அதுவும் மங்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை நாள் முழுக்கக் கேட்கும் உரையைவிட, சில மாதத்துக்கு ஒருமுறை பொம்மை மீது பத்து நிமிடம் மேல். கருவி வாங்கி மாட்டும் நிறுவனங்கள் பெட்டியைப் பூட்டிச் சாவியை ஒருவரிடம் கொடுத்து வைப்பதை முதலில் நிறுத்த வேண்டும். பேட்டின் பசை காய்ந்துபோகும், பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு. பெட்டியின் விளக்கு பச்சையாக இருக்கிறதா என்று தினமும் பார்க்க ஒரு பெயரையாவது பணிப்பட்டியலில் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
முதலுதவிப் பயிற்றுநர்கள்