ஜெயித்த பக்கம் நிற்கும் என் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நேற்று இரவு போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். உன் குரலில் இருந்த உற்சாகத்தைக் குலைக்க மனசு வரவில்லை. நீ நம்பி ஓட்டுப் போட்டவர்கள் ஆட்சிக்கு வந்துவிட்டார்கள். "நல்லவங்க வந்தாச்சுப்பா, இனிமேலும் எதுக்கு கோர்ட்டு, கமிட்டி, விதிமுறைன்னு முட்டுக்கட்டை? நினைச்சதைச் செய்ய விட வேண்டியதுதானே?" என்று கேட்டாய். வருஷக்கணக்காக நடக்காத காரியங்கள் இனியாவது நடக்க வேண்டும் என்ற உன் தவிப்பு எனக்குப் புரிகிறது, அதில் எனக்கு மரியாதையும் உண்டு. ஆனாலும் என் பதில் வேறு. நிதானமாகச் சொல்ல வேண்டியது என்பதால் எழுதுகிறேன்.

இன்று ஜனவரி ஒன்று. வருஷம் இந்த நாளில் பிறப்பதற்கு வானத்தில் ஒரு காரணமும் கிடையாது. காரணம் பழைய ரோமாபுரியின் அரசியலில் இருக்கிறது. மன்னராட்சியை ஒழித்த ரோமானியர்கள், ராஜா கையில் இருந்த அதிகாரத்தை கான்சல் என்ற பதவியில் இரண்டு பேருக்குக் கொடுத்தார்கள். ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். இருவருக்கும் பதவிக்காலம் ஒரே ஒரு வருஷம். வருஷங்களுக்கே அவர்கள் பெயரைத்தான் வைத்தார்கள். பதவியேற்பு அதற்கு முன்பு மார்ச் மாதத்தில் நடந்துவந்தது. ஸ்பெயினில் மூண்ட போருக்குக் கான்சல் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்ததால் கி.மு. 153-இல் பதவியேற்பை ஜனவரி ஒன்றுக்கு மாற்றினார்கள். உலகமே இன்று கொண்டாடுகிற இந்தத் தேதி, அதிகாரத்தில் இருந்தவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிய தேதி. எத்தனை பேர் இதை நினைத்துப் பார்க்கிறோம்?

அந்த ரோமானியர்களுக்கும் அவசரம் வந்தது. நாட்டுக்கு ஆபத்து என்றால் சர்வாதிகாரி ஒருவரை நியமிப்பார்கள். அவருக்கு அதிகபட்சம் ஆறு மாதம். வேலை முடிந்தால் அதற்கு முன்பே அவர் விலகிவிட வேண்டும். இந்த ஏற்பாடு பல தலைமுறை நன்றாகவே நடந்தது. கி.மு. 82-இல் சுல்லா என்ற தளபதி காலவரம்பு இல்லாமல் அந்தப் பதவியில் உட்கார்ந்தார். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் ஆயுள் முழுவதற்கும் சர்வாதிகாரி ஆனார். சீசர் திறமை இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. நம் சுவரில் தொங்கும் காலண்டருக்கு அடிப்படையே அவர் செய்த சீர்திருத்தம்தான். அவருக்குப் பிறகு வந்த அகஸ்டஸ் அவரைவிடக் கெட்டிக்காரர். நல்ல நிர்வாகம் கிடைத்தது என்று ஜனங்கள் நிம்மதியாக இருந்தார்கள். அகஸ்டஸுக்காகக் குவித்து வைத்த அதிகாரம் பிறகு கொடுங்கோலர்களான கலிகுலாவுக்குப் போனது, நீரோவுக்கும் போனது. அவர்கள் யாரிடமும் புதிதாக எதையும் பிடுங்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் தயாராக இருந்தது.

உன் கேள்விக்கு என் முதல் பதில் இதுதான். நீ இன்று விரும்பிக் கொடுக்கிற அதிகாரம், உனக்குப் பிடித்தவர் போன பிறகும் அந்த நாற்காலியிலேயே இருக்கும்.

"அது ரெண்டாயிரம் வருஷத்துக் கதைப்பா" என்பாய். சரி, கிட்டத்தில் வருகிறேன். பிரிட்டனில் 1939-இல் போர் தொடங்கியதும் எல்லோருக்கும் அடையாள அட்டை கட்டாயமானது. போருக்கான ஏற்பாடுதான். 1945-இல் போர் முடிந்தது, அட்டை முடியவில்லை. 1950 டிசம்பரில் லண்டனில் ஒரு போலீஸ்காரர் காரை நிறுத்தி அட்டையைக் கேட்டபோது, கிளாரன்ஸ் வில்காக் என்பவர் காட்ட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். மேல்முறையீட்டிலும் தோற்றார். சட்டம் அப்படித்தான் இருந்தது. ஆனால் தலைமை நீதிபதி காடார்ட், போருக்கென்று போட்ட சட்டத்தைச் சாதாரண காலத்தில் இப்படிப் பயன்படுத்துவதைக் கண்டித்தார். 1952-இல் அந்த அட்டை ஒழிந்தது. ஒரு மனிதர் நடுத்தெருவில் நின்று முடியாது என்று சொல்லியிருக்காவிட்டால் அது இன்னும் எத்தனை வருஷம் ஓடியிருக்குமோ.

அதே நாட்டில் வருமான வரி 1799-இல் பிரான்சோடு நடந்த போருக்காகத் தற்காலிகமாக வந்தது. போனது, திரும்ப வந்தது, 1816-இல் மறுபடியும் போனது. 1842-இல் மூன்று வருஷத்துக்கு மட்டும் என்று கொண்டுவந்தார்கள். இன்றும் இருக்கிறது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. சட்டப்படி அது இன்னமும் தற்காலிக வரிதான். ஒவ்வொரு ஏப்ரல் 5-ஆம் தேதியும் காலாவதியாகிவிடும், நாடாளுமன்றம் புதிதாக அனுமதி தர வேண்டும். வரி போகவில்லைதான். ஆனால் அரசாங்கம் வருஷா வருஷம் வந்து கேட்டாக வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால், ஓர் அரசு தன் மக்களுக்குக் காட்ட வேண்டிய பெரிய மரியாதை இது.

இந்தியாவில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது, நீ பிறப்பதற்கு முந்தைய கதை என்றாலும். 1975 ஜூன் 25-ஆம் தேதி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் விசாரணையில்லாமல் சிறைக்குப் போனார்கள். அவர்களுக்காக ஆட்கொணர்வு மனு போடலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கே நீதிபதி எச்.ஆர். கன்னா அரசின் தலைமை வழக்கறிஞரைப் பார்த்துக் கேட்டார்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூடப் பரிகாரம் கிடையாதா? நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்பதுதான் வந்த பதில். 1976 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசின் பக்கம். கன்னா ஒருவர்தான் மறுத்து எழுதினார். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி அவருக்கு இளையவருக்குப் போனது, அவர் ராஜினாமா செய்தார். அவர் எழுதியது சரி என்று உச்ச நீதிமன்றமே சொல்லி, அந்தப் பழைய தீர்ப்பை ரத்து செய்தது 2017-இல்.

இந்தக் கதையில் உனக்காக நான் எடுத்து வைத்திருப்பது இதற்குப் பிறகு நடந்த பகுதி. 1977 தேர்தலில் ஆட்சி மாறியது. சிறையில் கிடந்தவர்களில் பலர் அமைச்சர்களானார்கள். அவர்களும் உன்னைப் போல, நல்லவர்கள் வந்தாயிற்று, அதிகாரம் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். பழி தீர்க்கக் காரணமும் இருந்தது. ஆனால் 1978-இல் அரசியலமைப்புச் சட்டத்துக்கு நாற்பத்து நான்காவது திருத்தம் வந்தது. உள்நாட்டுக் குழப்பம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி நெருக்கடி நிலையை அறிவிக்க முடியாது, ஆயுதக் கிளர்ச்சி இருக்க வேண்டும். அமைச்சரவை அந்த முடிவை எழுத்தில் தர வேண்டும். நெருக்கடி நிலையிலும் உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமைக்காக நீதிமன்றம் போவதைத் தடுக்க முடியாது. ஆட்சியில் இருக்கும்போதே தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அந்த அரசின் வேறு எத்தனையோ காரியங்கள் மறந்துபோயின. இது நிற்கிறது. நீ ஆதரிக்கிறவர்களிடம் நீ எதிர்பார்க்க வேண்டியது இந்த மாதிரி ஒரு காரியத்தை.

அரசாங்கமே எதுவும் செய்யக் கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. பெரியம்மை இன்று உலகில் இல்லை. 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அது ஒழிந்ததாக அறிவித்தது. வீடு வீடாகத் தேடிப் போய்த் தடுப்பூசி போடுவதை அரசுகள் முன்நின்று செய்யாமல் அது நடந்திருக்காது. செய்ய வேண்டிய வேலையை அரசு பலமாகவே செய்யட்டும். எதுவரை, எத்தனை நாளுக்கு, தப்பு நடந்தால் யார் தடுப்பது என்பது மட்டும் முதலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். முட்டுக்கட்டை என்று நீ சொன்ன கோர்ட்டும் கமிட்டியும் அதற்காக இருப்பவை. அவை தாமதப்படுத்துகின்றன என்பது உண்மை. சில சமயம் அந்தத் தாமதம் ஏழைகளைத்தான் அதிகம் வதைக்கிறது. அதற்கு நீதிபதிகளைக் கூட்டு, நாட்களைக் குறை. அவர்களை ஒதுக்கிவிட்டுப் போகாதே.

இன்னொன்று. உன் தோழி வேறு கட்சிக்கு ஓட்டுப் போட்டதால் நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று அம்மா சொன்னாள். கேட்டதிலிருந்து அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அரசின் கை எல்லாவற்றுக்கும் நீளும் என்றால், நாம் படிப்பது, பேசுவது, தொழில் செய்வது எல்லாமே யார் ஜெயிக்கிறார்கள் என்பதில் போய் நிற்கும். அப்போது தேர்தலில் தோற்பது வாழ்க்கையைத் தோற்பது போல ஆகிவிடுகிறது. சிநேகிதி எதிரியாகத் தெரிவதும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. எல்லைக்குள் நிற்கிற அரசு என்றால், தோற்றவர்கள் வருத்தத்தோடு வீட்டுக்குப் போய், பயமில்லாமல் தூங்கி, அடுத்த தேர்தலுக்கு வேலை பார்க்கலாம். நீ தோற்றிருந்தால் எந்த மாதிரி அரசு வேண்டும் என்று நினைத்திருப்பாயோ, அது இப்போது அவளுக்கு வேண்டும். இன்றைக்கே அவளைக் கூப்பிடு. அரசியலைத் தொடாமல் புத்தாண்டு வாழ்த்து மட்டும் சொல், போதும். மற்றதெல்லாம் தானாக வரும், எத்தனை வருஷத்துப் பழக்கம் உங்களுடையது.

இந்த வருஷம் நான் ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறேன். எந்தப் புதுச் சட்டத்தைப் பற்றியும் வாய் திறப்பதற்கு முன்னால், எனக்கு அறவே பிடிக்காத ஒரு தலைவர் அதைக் கையில் வைத்திருப்பதாக நினைத்துப் படிக்கப்போகிறேன். நீ நேற்று அவ்வளவு ஆசையாகச் சொன்னாயே, அந்த மசோதாவிலிருந்து தொடங்குவோம். முழுசாக எனக்கு அனுப்பு. எப்போது காலாவதியாகும், யார் தடுக்கலாம் என்று எழுதியிருக்கிற இடங்களை அடிக்கோடிட்டு அனுப்பு. ஒருவேளை அப்படி ஓர் இடமும் இல்லையென்றால் அதையும் சொல். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவோம். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், நீயும் விட்டுக்கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா